ரிமோட்டின் சார்ஜிங் ஸ்டாண்ட்: இணைப்பும் மின்னேற்றமும்

புரோகிராம் செய்யக்கூடிய ரிமோட் கண்ட்ரோல், சாதாரண டி.வி. ரிமோட்டைப் போல இரண்டு பென்சில் செல்லில் ஒரு வருடம் ஓடாது. வண்ணத் தொடுதிரை, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும் அசைவு உணரி, சில மாடல்களில் வைஃபை என்று மின்சாரம் குடிக்கும் பாகங்கள் அதில் பல. அதனால் ரீசார்ஜ் ஆகும் பேட்டரியும், அதை நிரப்ப ஒரு ஸ்டாண்டும் சேர்ந்தே வருகின்றன. டாக்கிங் ஸ்டேஷன், கிரேடில், சார்ஜிங் பேஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். இங்கே ஸ்டாண்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகை ரிமோட்டுக்கு இரண்டு விதமான இணைப்பு தேவை. ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று தகவலுக்கு. ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-ல் கொண்டுவந்த ‘கோர்’ ரிமோட்டிலேயே கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான இணைப்பு இருந்தது. 1998-ல் பிலிப்ஸ் வெளியிட்ட ‘புரோன்ட்டோ’, தொடுதிரையின் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து சீரியல் கேபிள் வழியாக ரிமோட்டில் ஏற்றும் முறையைப் பரவலாக்கியது. அதற்குப் பின் வந்த லாஜிடெக் ‘ஹார்மனி’ ரிமோட்டுகள் இந்த வேலைக்கு யூ.எஸ்.பி. கேபிளை எடுத்துக்கொண்டன. 2008-ல் வந்த ‘ஹார்மனி ஒன்’ மாடலில் புரோகிராம் ஏற்ற யூ.எஸ்.பி. துளை, சார்ஜ் செய்யத் தனி ஸ்டாண்ட் என இரண்டு வழிகளும் பிரிந்தே இருந்தன. இந்தப் பிரிவு மனதில் பதியாததால்தான் பலர் குழம்புகிறார்கள். கேபிளைச் செருகிவிட்டு ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பார்கள். ஸ்டாண்டில் வைத்துவிட்டு ‘கம்ப்யூட்டரில் தெரியவில்லை’ என்பார்கள். எந்த வழியில் எது போகிறது என்பதைத் தன் மாடலின் கையேட்டில் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை மின்சாரம் மட்டும் கொடுப்பவை. சில மாடல்களில் தகவலும் ஸ்டாண்ட் வழியாகவே போகும். அவற்றின் பின்புறத்தில் அடாப்டர் துளையோடு யூ.எஸ்.பி. துளையும் இருக்கும். ஸ்டாண்டைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொரு பெட்டியும் உண்டு. ரிமோட்டிலிருந்து ரேடியோ சைகையை வாங்கி, மூடிய அலமாரிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் அகச்சிவப்பு ஒளியாக மாற்றி அனுப்பும் பெட்டி அது. இதற்கும் அடாப்டர் உண்டு; கூடவே 3.5 மில்லிமீட்டர் பிளக் வைத்த மெல்லிய வயர்களும் வரும். அந்த வயர்களின் நுனியில் இருக்கும் சிறு எல்.இ.டி.யைக் கருவியின் முகப்பில் ஒட்ட வேண்டும். இந்த இரண்டு பெட்டிகளின் அடாப்டர்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வோல்டேஜ் வேறாக இருக்கக்கூடும். பெட்டியைப் பிரித்த அன்றே அடாப்டர் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி எதனுடையது என்று எழுதிவைத்தால் பின்னால் தொல்லையில்லை.

சுவரிலிருந்து ஸ்டாண்ட் வரை

அடாப்டரில் பார்க்க வேண்டியவை நான்கு: உள்ளே வாங்கும் வோல்டேஜ், வெளியே தரும் வோல்டேஜ், தரக்கூடிய ஆம்பியர், பிளக்கின் துருவம். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த ரிமோட்டாக இருந்தால், அடாப்டரில் ‘இன்புட்’ என்ற வரியை முதலில் படிக்க வேண்டும். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக்கை மாற்றும் கன்வெர்ட்டர் முனை ஒன்று போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை நம் ஊர் சாக்கெட்டில் செருகவே கூடாது. செருகினால் அடாப்டர் எரிந்துபோகும், சமயத்தில் ஸ்டாண்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

வெளியே தரும் வோல்டேஜ், ஸ்டாண்டின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம். 5 வோல்ட், 1 ஆம்பியர் கேட்கும் ஸ்டாண்டுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் கெடுதல் இல்லை, ஏனென்றால் ஸ்டாண்ட் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைவான ஆம்பியர் உள்ளதைப் போட்டால் அடாப்டர் சூடாகும், சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும். உருளைப் பிளக் உள்ளவற்றில் துருவத்தைக் காட்ட ஒரு சிறு படம் இருக்கும். நடுவில் புள்ளியும் சுற்றிலும் திறந்த வட்டமும் வரைந்து, இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறி போட்டிருப்பார்கள். பெரும்பாலான கருவிகளில் நடுமுனைதான் கூட்டல் என்றாலும் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. இன்னொரு சிக்கல், 2.1 மில்லிமீட்டர் நடுத்துளையும் 2.5 மில்லிமீட்டர் நடுத்துளையும் உள்ள பிளக்குகள் வெளி அளவில் ஒன்றாகவே இருப்பது. பெரிய துளையுள்ள பிளக் சிறிய ஊசி மேல் உட்கார்ந்துவிடும், ஆனால் ஆடும். ஆடினால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டரை மல்டிமீட்டரில் பார்க்கும்போது 9 வோல்ட் என்று எழுதியிருப்பது 12, 13 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். சுமை இல்லாதபோது அந்த வகை அப்படித்தான் கூடுதலாகக் காட்டும். இப்போதைய எடை குறைந்த அடாப்டர்கள் எழுதியபடியே காட்டும். அவற்றில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படலாம்.

யூ.எஸ்.பி. மூலம் மின்சாரம் வாங்கும் ஸ்டாண்டுகளில் வேறு ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சுவரில் இடமில்லை என்று டி.வி.யின் பின்னால் இருக்கும் யூ.எஸ்.பி. துளையில் ஸ்டாண்டைச் செருகிவிடுகிறார்கள். பல டி.வி.க்களில் டி.வி. அணைந்ததும் அந்தத் துளையின் மின்சாரமும் நின்றுவிடும். டி.வி. ஓடும் நேரத்தில் ரிமோட் கையில் இருக்கும்; ஸ்டாண்டில் வைக்கும் நேரத்தில் மின்சாரம் இருக்காது. நம் வீடுகளில் இதே கதை ஸ்விட்ச் போர்டிலும் நடக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் டி.வி. ஸ்விட்சை அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஸ்டாண்டின் அடாப்டரும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால், சார்ஜ் ஏற வேண்டிய எட்டு மணி நேரமும் வீணாகிறது. பேட்டரி கெட்டுவிட்டதாக நினைத்துப் புதியது வாங்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டுக்குத் தனி ஸ்விட்ச் உள்ள சாக்கெட் ஒதுக்குவது நல்லது.

சி வகை யூ.எஸ்.பி. துளை உள்ள சில மலிவான கருவிகள், இரு முனையும் சி வகையாக இருக்கும் கேபிளில் சார்ஜ் ஆவதில்லை. சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிட வேண்டுமானால் மறுமுனையில் இருக்கும் கருவி தன்னை அடையாளம் காட்ட வேண்டும். அதற்கான 5.1 கிலோ ஓம் மின்தடைகளைச் சில தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய ஏ வகையாக உள்ள கேபிளைப் போட்டால் அதே கருவி சார்ஜ் ஆகிவிடும்.

ஸ்டாண்டிலிருந்து ரிமோட் வரை

சார்ஜ் ஏறவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்கு மூலகாரணம் ஸ்டாண்டுக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்டாண்டின் குழியில் ஸ்பிரிங் வைத்த சிறு பின்கள் இரண்டோ மூன்றோ நான்கோ நிற்கும். ரிமோட்டின் முதுகிலோ அடியிலோ அவற்றுக்கு நேராக உலோகப் பொட்டுகள் இருக்கும். பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் கடுகு அளவுகூட இல்லாத அந்தத் தொடுபுள்ளி வழியாகத்தான் போக வேண்டும். ரிமோட்டைப் பிடித்து வைப்பது அதன் எடை மட்டுமே. நாலு முறை இழுத்துச் செருகும் கேபிளுக்கு இருக்கும் இறுக்கம் இங்கே இல்லை.

இந்தப் பொட்டுகள் கையின் எண்ணெய், வியர்வை, முறுக்குத் தின்ற விரலின் பிசுக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கின்றன. அதன் மேல் தூசி படிகிறது. ஒருவித மங்கல் படலம் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே அது மின்தடையை ஏற்றிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மேலே பூசிய தங்கமுலாம் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் பச்சை பூக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னின் நுனி பட்ட இடத்தில் மட்டும் ஒரு சிறு பளபளப்பும், அதைச் சுற்றிக் கறுப்பு வளையமும் தெரியும். 

துடைப்பதற்கு முன் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காதுகுடையும் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, பிழிந்து, பொட்டுகளையும் பின்களின் தலையையும் துடைக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் இது சிறு பாட்டிலில் கிடைக்கிறது. கை கழுவும் சானிடைசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அதிலுள்ள கிளிசரின் பொட்டின் மேல் பிசுக்காகத் தங்கிவிடும். தேங்காய் எண்ணெய், உப்புத்தாள், பிளேடு ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டாம். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பலருக்குத் தெரிந்த வழி. அது வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் முலாமைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆல்கஹாலுக்கு மசியாத கறைக்கு மட்டும், அதுவும் மெதுவாக, ரப்பரைப் பயன்படுத்தலாம்.

துடைத்த பிறகும் சரியாகவில்லை என்றால் பின்களின் உயரத்தைப் பார்க்க வேண்டும். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பின்னையும் அழுத்திவிட்டால் அது உடனே மேலே துள்ள வேண்டும். ஒன்று மட்டும் பாதியில் நின்றால் அதன் ஸ்பிரிங்கில் தூசி அடைத்திருக்கும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். இடுக்கியால் பின்னைப் பிடித்து இழுக்கக் கூடாது; வளைந்துபோன பின்னை நிமிர்த்துவது மிகக் கடினம்.

ரிமோட்டுக்கு உறை போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள சிலிக்கோன் உறை போதும், பொட்டு பின்னை எட்டாமல் செய்ய. உறையைக் கழற்றியதும் சார்ஜ் விளக்கு எரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மின்னேற்றம் எப்படி நடக்கிறது

பேட்டரி எந்த வகை என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். இப்போதைய ரிமோட்டுகளில் பெரும்பாலும் ஒற்றை லித்தியம் அயன் செல் இருக்கும். அதன் மேல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கும். சார்ஜ் செய்யும் சுற்று முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளும். செல் 4.2 வோல்ட்டை எட்டியதும் வோல்டேஜை அங்கேயே நிறுத்தி மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் துண்டித்துவிடும். முதல் முக்கால் பங்கு வேகமாகவும் கடைசிக் கால் பங்கு நிதானமாகவும் ஏறுவது இதனால்தான். 1000 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரியை 500 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் கணக்குப்படி இரண்டு மணி நேரம் வரும். நடைமுறையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

லித்தியம் பேட்டரியை முழுதாகத் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரை அதற்குப் பொருந்தாது. உபயோகம் முடிந்ததும் ஸ்டாண்டில் வைப்பதே சரி. இரவெல்லாம் இருந்தாலும் சுற்று தானாகத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரியின் ஆயுளை உண்மையில் தின்பது சூடு. 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் பொதுவாக இந்த செல்களைச் சார்ஜ் செய்ய அனுமதிக்கப்பட்ட வெப்பம். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த ஸ்டாண்டும், ஆம்ப்ளிஃபையரின் சூட்டுத்துளை மேல் வைத்த ஸ்டாண்டும் அந்த எல்லையை எளிதில் தாண்டும். பாட்டு கேட்கும் அலமாரியில் சப்வூஃபர் பக்கத்திலும் ஸ்டாண்ட் வேண்டாம். அதிர்வில் பொட்டும் பின்னும் விட்டுவிட்டுத் தொடும். ஒவ்வொரு முறையும் சார்ஜ் புதிதாகத் தொடங்கும். அசைவு உணரியும் திரையை எழுப்பிக்கொண்டே இருக்கும். இரவில் ரிமோட் திரும்பத் திரும்பப் ‘பீப்’ அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் கிடந்த ரிமோட்டை ஸ்டாண்டில் வைத்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே கைவிட்டுவிடக் கூடாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சுற்று வழக்கமான மின்னோட்டத்தைத் தராது. பாதுகாப்புக்காக அதில் பத்தில் ஒரு பங்கு அளவே விட்டு, செல்லை மெதுவாக மேலே கொண்டுவரும். அதற்குள் திரை உயிர் பெறாது. சில மணி நேரமாவது அசைக்காமல் விட வேண்டும். ஊருக்குப் போகும்போது முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்காமல் ஏறக்குறைய பாதி சார்ஜில் அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியைத் தனியே எடுத்து வைப்பது நல்லது.

பழைய மாடல்களில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இருக்கும். ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ட். மெதுவான சார்ஜில் இவை நிரம்ப 14 முதல் 16 மணி நேரம் ஆகும். சும்மா இருந்தாலே சில வாரங்களில் கணிசமாக வடிந்துவிடும் என்பதால் இவற்றுக்கு ஸ்டாண்ட் இன்னும் அவசியம். இங்கே ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவற்றின் இடத்தில் கடையில் வாங்கிய சாதாரண ஆல்கலைன் செல்களைப் போட்டுவிட்டு ரிமோட்டை ஸ்டாண்டில் வைக்கக் கூடாது. ஆல்கலைன் செல் திரும்ப ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஏற்ற முயன்றால் உள்ளே வாயு சேர்ந்து கசியும், காரத்திரவம் ரிமோட்டின் பலகையை அரித்துவிடும். எந்த செல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் அமைப்பு சில ரிமோட்டுகளில் உண்டு. அதை நம்பிக் காரியம் செய்வது வேண்டாம்.

புரோகிராம் ஏற்றும்போது

கம்ப்யூட்டரில் ரிமோட் தெரியவில்லை என்றால் சந்தேகம் முதலில் கேபிள் மீது விழ வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு வயர்கள் மட்டுமே இருக்கும். தகவலுக்கான இரண்டு வயர்கள் இருக்காது. போனிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் காட்டும் கேபிள் ஒன்றை எடுத்துச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது ரிமோட்டை முன்கூட்டியே முழுதாக சார்ஜ் செய்துகொண்டு, தகவல் கேபிளை நேராக ரிமோட்டிலேயே செருகுவது பத்திரம். தகவல் ஸ்டாண்ட் வழியாகத்தான் போக முடியும் என்ற மாடல்களில், முடியும்வரை யாரும் மேஜையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் தொடர்பு அறுந்தால் சில ரிமோட்டுகள் திரும்ப எழுவதே இல்லை.

பழுது தேடும் வரிசை

பழுது தேடுவது சுவரில் தொடங்கி பேட்டரியில் முடிய வேண்டும். சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா என்பது தெரியும். பிறகு அடாப்டரின் முனையில் மல்டிமீட்டர். அது சரி என்றால் ஸ்டாண்டின் பின்களில் பார்க்கலாம். இங்கே கவனம் தேவை: மீட்டரின் இரண்டு ஊசிகளும் ஒன்றோடொன்று பட்டால் ஸ்டாண்ட் கெட்டுவிடக்கூடும். மூன்று, நான்கு பின்கள் உள்ள ஸ்டாண்டுகளில் கூடுதல் பின் ரிமோட் உட்கார்ந்திருக்கிறதா என்று அறிவதற்காக இருக்கலாம். அவற்றில் ரிமோட் இல்லாதபோது வோல்டேஜ் ஏதும் தெரியாமல் இருப்பது பழுதல்ல. கடைசியாகப் பேட்டரி. இரவெல்லாம் ஸ்டாண்டில் இருந்த லித்தியம் செல் 4.1 வோல்ட்டுக்கு மேல் காட்டி, ஒரு மணி நேர உபயோகத்தில் சரிந்துவிட்டால் செல்லின் ஆயுள் முடிந்தது. 4 வோல்ட்டையே எட்டவில்லை என்றால் பிரச்சினை இன்னும் பின்களிலோ ஸ்டாண்டிலோ இருக்கிறது.

ரிமோட்டின் பின்மூடி சரியாக மூடவில்லை, திரை லேசாக எழும்பியிருக்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதன் பின் ஒரு முறைகூட ஸ்டாண்டில் வைக்கக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. மாற்றுப் பேட்டரி வாங்கும்போது வோல்ட், அளவு, முனைகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். மூன்றாவது முனை பொதுவாக வெப்பத்தை அளப்பதற்காக இருப்பது. அது இல்லாத பேட்டரியை ரிமோட் ஏற்காமல் போகலாம். பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்கு உரியதல்ல. 2022-ல் இந்தியாவில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

புதிதாக வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. புரோன்ட்டோ வரிசையை பிலிப்ஸ் 2010-ல் நிறுத்தியது. ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை லாஜிடெக் 2021 ஏப்ரலில் நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் ஸ்டாண்ட் உடைந்தால் இன்று பழைய பொருளாகத்தான் தேட வேண்டும், ஒரு மாடலின் ஸ்டாண்ட் இன்னொன்றுக்குப் பொருந்துவதும் அரிது. ஆகவே ஸ்டாண்ட் இல்லாமலும் ரிமோட்டில் நேராக யூ.எஸ்.பி. கேபிள் செருகிச் சார்ஜ் செய்ய முடிகிற, பேட்டரியை வீட்டிலேயே கழற்றி மாற்ற முடிகிற மாடலைத் தேர்ந்தெடுங்கள்.